கண்டி மன்னனும் திரைப்பட வில்லனும்

திரைப்பட வில்லன் செம்மையாக அமைய, அவனது குற்றமும் அதன் காரணமும் ஒருங்கே புலப்படல் வேண்டும். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே இதற்குத் தக்க சான்று. 1814இல் பிரதானி எகெலபொலவின் மனைவி மக்களை அவன் கொல்வித்தமை மறுக்கவொண்ணாக் கொடுமை. ஆயினும், எகெலபொல கலகஞ்செய்து ஆங்கிலேயரிடம் புகலடைந்தமையும், ஏனைய பிரதானிகளோடு ஜோன் டொயிலி இரகசியத் தொடர்பு பேணியமையும் மன்னனின் அச்சத்தை வளர்த்தன. 1815 மார்ச் 2ஆந் திகதிய ஒப்பந்தமோ 'மலபார்' அரசனின் கொடுமையை மட்டும் உரைத்து, அதனையே ஆட்சிமாற்றத்துக்கு நியாயமாக்கிற்று. 1832இல் வேலூர்க் காவலில் மாண்ட அம்மன்னனின் கதை, 2018இல் 'கிரிவெசிபுர' என்ற சிங்களப் படமாயிற்று. இத்தகைய கதையில் காரணத்தை மறைப்பின் அவன் வெறும் அரக்கன். குற்றத்தை மறைப்பின் போலி வீரன். இரண்டையும் காட்டும்போதே மனிதனாகிறான். வரலாறு எழுதுவோர்க்கும் இஃது பொருந்தும்.