செங்கல்பட்டு ஜில்லா பள்ளிக்கூடங்களில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரகடம் பக்கம் ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "ஐயா, என் வகுப்புல ஒடியா, இந்தி, வங்காளம்னு வீட்டுல பேசுற பிள்ளைங்க இருக்காங்க. நான் பாடம் எடுத்தா என் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நம்ம பக்கம் இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?" என்று கேட்டார். நடந்திருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சுவராக நின்றது மொழி அல்ல, சாதி.

ஸ்ரீபெரும்புதூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. 1891-இல் ஜில்லா கலெக்டர் ட்ரெமன்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் மக்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்று அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசுகிறோமே, அந்த 1892 ஆணைக்கு மூலம் இதுதான். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற பாதிரிமார்களும் இதே விஷயத்துக்காக அரசை விடாமல் நச்சரித்தார்கள். 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்றே ஓர் ஆணை வந்தது. தனிப் பள்ளிகளுக்கு ஊக்கமும் உதவித்தொகையும் தருவது அதன் வழி. அடுத்த ஆண்டே அடையாறில் கர்னல் ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கினார்.

ஏன் தனிப் பள்ளி? ஊர்ப் பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைகளைத் திண்ணையில்கூட ஏற்றாது. அதோடு மல்லுக்கட்ட அரசுக்கு மனமில்லை. தனிப் பள்ளியால் எழுத்து கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் தப்பித்துக்கொண்டது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயர்ப்பலகை இன்றும் இருப்பதன் வேர் அங்கேதான்.

சேர்ந்து படிப்பதைவிடச் சேர்ந்து சாப்பிடுவதுதான் கடினமாக இருந்தது. நம் ஊரில் பிறந்த ராமானுஜர் கதை உங்களுக்குத் தெரியும். பூந்தமல்லி திருக்கச்சி நம்பியை அவர் விருந்துக்கு அழைக்க, நம்பி சாப்பிட்டுப் போனதும் அவர் மனைவி இடத்தைக் கழுவி, குளித்து, மறுபடி சமைத்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. 1920-களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலம் உடைந்ததும் சாப்பாட்டில்தான். இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். அதனால்தான் காமராசர் 1956-இல் தொடங்கியதையும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கியதையும் நான் பசி தீர்த்த திட்டங்களாக மட்டும் பார்ப்பதில்லை. ஒரே வரிசை, ஒரே குண்டான். (2023-இல்கூடத் தூத்துக்குடி மாவட்டத்தில் பட்டியலினப் பெண் சமைக்கிறார் என்று காலை உணவை வேண்டாம் என்ற பெற்றோர் இருந்தார்கள்.) நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. யார் எங்கே உட்காருவது என்பதை 1893-க்கு 131 வருஷம் கழித்தும் ஓர் அறிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, மொழிக்கு வருவோம். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள், 1998-இல் கார் வெளியே வந்தது. பிறகு நோக்கியா வந்தது, போனது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான். தொழிற்சாலைக்குள் நிற்பவரை எல்லாரும் பார்க்கிறோம். அந்தக் கட்டடத்தை எழுப்பியவரையும், அதற்குச் செங்கல் அறுத்தவரையும் பார்ப்பதில்லை. காஞ்சிபுரம், திருவள்ளூர் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். மழை ஓய்ந்த பிறகு வந்து, ஜூன் வாக்கில் திரும்பிவிடுவார்கள். நம் பள்ளி திறப்பதே ஜூனில்! அங்கேயும் பாதி வருஷம், இங்கேயும் பாதி வருஷம். இரண்டு ஊர் வருகைப் பதிவேட்டிலும் அந்தப் பிள்ளை இடைநின்றவன்.

இதற்கு ஒரு நல்ல காரியம் நடந்தது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2010-களின் தொடக்கத்தில் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ், ஒடிசா அரசின் பாடப்புத்தகங்களையே வரவழைத்துச் சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியாவில் பாடம் நடத்தினார்கள். ஊருக்குத் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுதான் கணக்கு. தமிழ்நாட்டு அரசு ஒடியா கற்பிப்பதா என்று புருவம் உயர்த்தியவர்களுக்குச் சொல்கிறேன்: தெலுங்கு வழி, உருது வழிப் பள்ளிகள் இங்கே நெடுங்காலமாக இருக்கின்றன. காஞ்சிபுரம் நெசவாளர் தெருக்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு வந்து தமிழில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்!

தொழிற்சாலைக் குடும்பங்கள் வேறு மாதிரி. அவர்கள் இங்கேயே தங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் இந்த ஊரில் அவர்கள் என்றைக்கும் விருந்தாளிதான். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறியது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆறாம் வகுப்பில் நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு அந்த ஏணியில் கீழ்ப்படிகள் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக அரசு அண்மையில் கொண்டுவந்த 'தமிழ் மொழி கற்போம்' அந்தப் படிகளைப் போடும் வேலை. வரவேற்கிறேன். ஒரு பயம் மட்டும் உண்டு. அவர்களைத் தனியே உட்கார வைத்துத் தமிழ் சொல்லித் தந்து, அப்படியே தனி வரிசையாக விட்டுவிட்டால் 1893-தான் திரும்ப வரும். தமிழ் வகுப்பு ஒரு மணி நேரம் இருக்கட்டும். கணக்குக்கும் விளையாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் மற்றவர்களோடு இருக்க வேண்டும். கணக்கில் அந்தப் பிள்ளைகளில் பலர் கெட்டி, கேள்வி புரியாததால் பூஜ்யம் வாங்குகிறார்கள். மொழி தெரியாதவனை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் எழுதாதீர்கள், ஆசிரியர்களே.

சேர்க்கையில் சிக்கல் என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது. வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பெற்றோருக்கு இது தெரியாது, நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

சூளைகளில் அந்த ஒடியா வகுப்புகளை நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எங்கே உட்கார வைத்தீர்கள், அந்தப் புத்தகம் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறதா?