பிக்கப்பில் படகு இழுக்கிறீர்களா? பின் அச்சு எண்ணெயைக் கவனியுங்கள்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பிக்கப்பின் பின்னால் மீன்பிடிப் படகை மாட்டிக்கொண்டு காராக் நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குவாந்தான், குவாலா ரொம்பின் என்று கிழக்குக் கரைக்குப் போகும் பயணம். கெந்திங் செம்பா ஏற்றத்தில் எல்லாருடைய கண்ணும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல்தான். ஆனால் அந்த ஏற்றத்தில் இன்ஜினோடு சேர்ந்து திணறும் இன்னொரு பாகத்துக்கு முள்ளும் கிடையாது, எச்சரிக்கை விளக்கும் கிடையாது. அதுதான் பின் அச்சு. பட்டறையில் சுருக்கமாக ‘டிஃப்’ என்பார்கள்.

இன்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, எண்ணெய் பம்ப் இருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது. டிஃப்புக்குள் இருப்பதோ சுமார் 2 முதல் 4 லிட்டர் எண்ணெய் மட்டும். பல்சக்கரம் சுழலும்போது அதை வாரி இறைக்கும், அவ்வளவுதான். வெளியே அடிக்கும் காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். பாரத்தோடு மெதுவாக மேடேறும்போது அந்தக் காற்றும் குறைந்துவிடும். சூடு அதிகமாகும் அதே நேரத்தில் குளிர்ச்சி குறைகிறது. அதனால்தான் இழுவைக்கு எந்த எண்ணெய் என்ற கேள்வி எழுகிறது.

உள்ளே என்ன நடக்குது?

டிரைவ் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்னச் சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய சக்கரம் கிரௌன். பெரும்பாலான பிக்கப்களில் பினியன், கிரௌனின் நடு மையத்துக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். இதை ஹைபாய்ட் கியர் என்பார்கள். பலமான அமைப்பு, சத்தமும் குறைவு. ஆனால் இதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, அழுத்தத்தில் உரசிக்கொண்டு வழுக்கவும் செய்யும். பாரம் கூடினால் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் பிய்ந்து இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும்.

அந்த இடத்தில் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள். சூடான உலோகத்தோடு அவை வினைபுரிந்து மெல்லிய பூச்சு ஒன்றை உருவாக்கும். பல்லுக்குப் பதில் அந்தப் பூச்சு தேயும். பழைய கியர் எண்ணெய் மூக்கைப் பொத்த வைப்பதற்குக் காரணமும் அந்தக் கந்தகம்தான்.

முதலில் ஜிஎல் எண்

டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று எழுதியிருக்கும். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த தரம் இது. ஹைபாய்ட் பின் அச்சுக்கு ஜிஎல்-5 வேண்டும். ஜிஎல்-4 எண்ணெயில் அந்தச் சேர்மங்கள் குறைவு. அது பெரும்பாலும் மேனுவல் கியர்பாக்ஸுக்கு உரியது.

‘ஜிஎல்-5தானே உசத்தி, அதையே கியர்பாக்ஸிலும் ஊத்திடலாமா?’ வேண்டாம். மேனுவல் கியர்பாக்ஸில் இருக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களைச் சில ஜிஎல்-5 எண்ணெய்கள் அரித்துவிடக்கூடும். கையேடு இரண்டுக்கும் ஒரே எண்ணெயைச் சொன்னால் தவிர, டிஃப்புக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்றே வாங்குங்கள்.

அடுத்தது தடிமன்

இங்கேதான் குழப்பம் அதிகம். 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று கடையில் அடுக்கியிருக்கும். இழுவை என்றதுமே ‘140 போடு, கெட்டியா இருக்கும்’ என்பது பல பட்டறைகளின் பதில்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்காலத்துக்கானது. 75டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40 டிகிரியில் சோதிக்கப்படுகிறது, 80டபிள்யூ மைனஸ் 26-இல், 85டபிள்யூ மைனஸ் 12-இல். கேமரன் மலையின் குளிரெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை அது சொல்கிறது. 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 140 என்றால் 24 முதல் 32.5 வரை. (90 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கியர் எண்ணெய்க்கு அளவுகோலே வேறு. 90 கியர் எண்ணெயும் 40 அல்லது 50 இன்ஜின் எண்ணெயும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான்.)

கெட்டியான எண்ணெய் பற்களுக்கு நடுவே தடிப்பான படலம் தரும் என்பது உண்மை. சில அமெரிக்கப் பிக்கப்களின் கையேடுகளே வெயிலில் பாரம் இழுப்பவர்களுக்கு 75டபிள்யூ-140 சிந்தெடிக் போடச் சொல்கின்றன. ஆனால் கெட்டி எண்ணெயைக் கடைவதற்கே சக்தி செலவாகும், அந்தச் சக்தியும் சூடாகத்தான் மாறும். பினியன் பேரிங்குக்குப் போகும் சின்ன வழிகளில் எண்ணெய் மெதுவாக ஓடும். டீசலும் கொஞ்சம் கூடும். புதிய பிக்கப்கள் சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே 75டபிள்யூ-85 போன்ற மெல்லிய எண்ணெயைக் கேட்கிறார். அதில் 85டபிள்யூ-140 ஊற்றுவது பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே கையேட்டில் முதலில் பாருங்கள். ‘இழுவை’ அல்லது ‘கடுமையான பயன்பாடு’ என்ற பகுதியில் தனித் தடிமன் சொல்லியிருந்தால் அதுவே விடை. சொல்லவில்லை என்றால், அவர்கள் கேட்கும் அதே தடிமனில் நல்ல சிந்தெடிக் ஜிஎல்-5 வாங்குங்கள். சிந்தெடிக் எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகாது. எண்ணெய்ச் சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. கூடுதலாகக் கொடுக்கும் ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பலன் அங்கேதான்.

எல்எஸ்டி இருக்கா?

ஒரு சக்கரம் சேற்றில் சுற்றினாலும் மற்றதுக்குச் சக்தியை அனுப்பும் எல்எஸ்டி வகை டிஃப் சில வண்டிகளில் உண்டு. கிளட்ச் தகடுகள் உள்ள எல்எஸ்டி என்றால், உராய்வைச் சீராக்கும் சேர்மம் எண்ணெயில் இருக்க வேண்டும். டப்பாவில் ‘எல்எஸ்’ என்று குறித்திருப்பார்கள். சாதா ஜிஎல்-5 ஊற்றிவிட்டால், கார் நிறுத்துமிடத்தில் இறுக்கித் திருப்பும்போது பின்னால் ‘கடகட’ என்று அதிரும்.

எப்போது மாற்றுவது?

‘மிஞ்ஞாக் ஹித்தாம்’ மாற்றுவதை யாரும் மறப்பதில்லை. டிஃப்பை யாரும் கேட்பதும் இல்லை. பாரம் இழுப்பவர்கள் கையேட்டில் உள்ள சாதாரண இடைவெளியை விட்டுவிட்டு, கடுமையான பயன்பாட்டுக்கு உரிய குறைந்த கிலோமீட்டரைப் பின்பற்ற வேண்டும். புது வண்டி என்றால் முதல் 800 முதல் 1,600 கிலோமீட்டர் வரை இழுவையே வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்வரை சூடு அதிகமாக இருக்கும்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால், மேலே உள்ள நிரப்பும் திருகை முதலில் கழற்றிப் பாருங்கள். கீழே வடித்துவிட்ட பிறகு மேல்திருகு கழறவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும்! வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அந்தத் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டால் போதும்.

வடித்த எண்ணெயைக் கொட்டுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள். வடிதிருகின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். கையில் குத்தும் துண்டுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, இழுவையை நிறுத்திவிட்டு டிஃப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

படகு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நீண்ட தூரம் ஓடிக் கொதிக்கும் டிஃப்பை அப்படியே படகுத் துறையில் தண்ணீருக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கும். அச்சின் மேலுள்ள பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ, அந்தச் சுருக்கம் சீல் வழியாகவோ குழாய் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். துறைக்கு வந்ததும் அரை மணி நேரம் வண்டியை ஆறவிட்டுப் பிறகு படகை இறக்குங்கள். வெள்ளத்தில் அச்சு மூழ்கும் அளவுக்கு ஓட்டியிருந்தாலும், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அந்த வாரமே எண்ணெயைப் பார்த்துவிடுங்கள்.