விமானியின் உறக்கமும் சட்டமும்

இயந்திரத்திற்குக் களைப்பு இல்லை. அதனை இயக்கும் மனிதனுக்கு உண்டு. இந்த எளிய உண்மையைச் சட்டமாக வடிப்பதற்கு விமானத்துறை நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அமெரிக்க நாட்டின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டு விமானிகள் 1931ஆம் ஆண்டில் தமக்கெனத் தொழிற்சங்கம் ஒன்றை அமைத்தனர். 1934இல் தேசியத் தொழிலாளர் வாரியம் வழங்கிய 83ஆம் தீர்ப்பு, விமானி ஒருவர் மாதத்திற்கு 85 மணி நேரத்திற்கு மேல் பறத்தல் ஆகாது என வரையறுத்தது. 1938ஆம் ஆண்டின் வான்பயணச் சட்டத்திலும் அத்தீர்ப்பு இடம்பெற்றது. தொழிலாளர் வரலாற்றில் இது பெரும் வெற்றியே. எனினும், அதன்பின் வந்த விதிகளும் பல்லாண்டுகள் மணிகளின் எண்ணிக்கையையே பெரிதும் நோக்கின. நண்பகலில் பறக்கும் ஒரு மணியும், உடல் உறக்கத்தை வேண்டி நிற்கும் விடியற்காலையில் பறக்கும் ஒரு மணியும் ஒன்றல்ல என்பதை அவை கருதவில்லை.

1993 ஆகஸ்டு 18ஆம் நாள், கியூபாவில் உள்ள குவாண்டானாமோ அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் சரக்கு விமானம் ஒன்று தரையில் மோதி நொறுங்கியது. அதனை இயக்கிய மூவரும் ஏறத்தாழ 18 மணி நேரம் தொடர்ந்து பணியில் இருந்தவர்கள். தளத்தின் எல்லையைக் காட்டும் விளக்கு அன்று எரியவில்லை; அச்செய்தி அவர்களுக்குத் தெரிவிக்கப்படவுமில்லை. அவ்விளக்கைத் தேடுவதிலேயே மூழ்கிய தலைமை விமானி, வேகம் குறைவதை உடனிருந்தோர் எச்சரித்தும் அதனைக் கருத்தில் கொள்ளவில்லை. படுகாயமுற்றாலும் மூவரும் உயிர் பிழைத்தனர். இவ்விபத்தின் காரணங்களுள் ஒன்றாகக் களைப்பை விசாரணை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. களைத்த அறிவு ஒன்றையே பற்றிக்கொள்ளும். தன் தளர்ச்சியைத் தானே உணராது. ஆகவேதான், ஓய்வை விமானியின் மன உறுதிக்கு விட்டுவிடாமல் சட்டம் காக்க வேண்டியிருக்கிறது.

ஆனால், சட்டம் திருந்துவதற்கு மேலும் உயிர்கள் போக வேண்டியிருந்தது. 2009 பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, பஃபலோ நகருக்கு அருகே பயணிகள் விமானம் ஒன்று வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். வேகக்குறைவை உணர்த்திய எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாகச் செயற்பட்டதே முதற்காரணம் என விசாரணை முடிவு செய்தது. துணை விமானி முதல் நாள் இரவில் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து பயணம் செய்து பணிக்கு வந்தவர். இருவரின் செயல்திறனையும் களைப்புக் குறைத்திருக்கலாம். எந்த அளவிற்கு என்பதை உறுதி செய்ய இயலாது என்றும் அவ்விசாரணை கூறியது.

இறந்தோரின் குடும்பத்தினர் துயரத்தோடு ஒதுங்கிவிடவில்லை. நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினர். 2010இல் சட்டம் பிறந்தது. 2011 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும், அதனுள் 8 மணி நேரம் இடையறாது உறங்கும் வாய்ப்பும் கட்டாயமாயின. பணி தொடங்கும் வேளையைப் பொறுத்துப் பணிநேர வரம்பும் மாறியது. மணிகளை எண்ணிய சட்டம், ஒருவாறு உடலின் கடிகாரத்தையும் பார்க்கக் கற்றது.

எனினும், அவ்விதிகளிலிருந்து சரக்கு விமானங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. செலவு பயனை விஞ்சும் என்பதே கூறப்பட்ட காரணம். குவாண்டானாமோவில் நொறுங்கியது சரக்கு விமானமே என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 2013 ஆகஸ்டில், பர்மிங்ஹாம் நகரில் விடியுமுன் விழுந்த சரக்கு விமானத்தில் இரு விமானிகளும் இறந்தனர். களைப்பும் அதற்குத் துணைக்காரணமாகக் கூறப்பட்டது. துணை விமானி தமக்குக் கிடைத்த ஓய்வை உறக்கத்திற்கு முறையாகப் பயன்படுத்தவில்லை என்பதையும் விசாரணை சுட்டியது. சட்டம் ஓய்வைத் தரலாம்; உறங்க வேண்டிய பொறுப்பு விமானியுடையதே.

ஏற்றிச் செல்வது மனிதரா, பொருளா என்று விமானியின் உடல் அறியாது. அவருடைய உறக்கத்தின் மதிப்பை விமானத்தின் சுமையைக் கொண்டு அளப்பது நீதியாகுமா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.