ஆட்கள் போன நகரத்துக்கு ஆட்கள் வந்த கதை

பலெர்மோவின் பழைய நகரத்துக்குள் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் புதிதாகப் பூச்சுப் பூசின மாளிகை நிற்கும். அதன் வாசலில், சுற்றுலா வருகிறவர்களுக்காக இலக்கப் பூட்டுப் போட்ட சின்னச் சாவிப்பெட்டி தொங்கும். அதோடு ஒட்டினபடியே கூரை இல்லாத ஒரு வீடு. சன்னலுக்குள்ளால் வானம் தெரியும், உள்ளே அத்திமரம் முளைத்திருக்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வருகிற சொந்தக்காரர் இதைப் பார்த்துவிட்டு "யாழ்ப்பாணம் மாதிரிக் கிடக்கு" என்று சொல்வார்கள். குண்டு விழுந்தது என்ற அளவில் அது சரிதான். ஆனால் பலெர்மோ இப்படிக் கிடந்ததற்குக் குண்டு பாதிக் காரணம்கூட இல்லை.

இரண்டாம் உலகப் போரில் 1943ஆம் ஆண்டு நேச நாடுகளின் விமானங்கள் இந்த நகரத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கின. மே 9ஆம் திகதி நடந்த தாக்குதல்தான் மிக மோசமானது. துறைமுகத்துக்கு அருகில் இருந்த பழைய குடியிருப்புகள் நொறுங்கின. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் காசா ப்ரொஃபெஸ்ஸா என்ற இயேசு சபைத் தேவாலயத்தின் மேலும் குண்டு விழுந்தது. இடிந்த கல்லையும் மண்ணையும் வண்டிகளில் ஏற்றிக் கடற்கரையில் கொட்டினார்கள். இன்று பிள்ளைகள் பந்தடிக்கிற, பட்டம் விடுகிற ஃபோரோ இத்தாலிக்கோ புல்வெளிக்குக் கீழே இருப்பது அந்த வீடுகள்தான்.

போர் முடிந்த பிறகு ஐரோப்பாவில் பல நகரங்கள் இடிந்த நடுப்பகுதியைத் திருப்பிக் கட்டின. பலெர்மோ அதைச் செய்யவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்தின் மொத்தச் சனத்தொகை ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் ஒரு இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏறக்குறைய இரண்டரைச் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பழைய நகரத்துக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1981இல், நகரம் ஏழு இலட்சத்தைத் தொட்டது. பழைய நகரத்தில் மிஞ்சியவர்கள் 40 ஆயிரத்துக்கும் குறைவு. நகரம் பெருத்துக்கொண்டு போக, நடுப்பகுதி மட்டும் வற்றிப்போனது.

எல்லோரும் எங்கே போனார்கள்? வடக்கே போனார்கள். மலைகளுக்கும் கடலுக்கும் நடுவில் எலுமிச்சை, தோடைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு சமவெளி இருந்தது. அதன் பெயர் கொன்கா தோரோ, பொன் கிண்ணம் என்று சொல்லலாம். 1950களின் கடைசியில் இருந்து அந்தத் தோட்டங்களை வெட்டி அடுக்குமாடிகள் எழுப்பினார்கள். அப்போது மேயராக இருந்தவர் சல்வோ லீமா. நகரசபையில் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் வீத்தோ சாஞ்சிமீனோ. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான கட்டட அனுமதிகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி கட்டட முதலாளிகளே இல்லாத ஒரு சில பேரின் பெயரில் போனது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தது மாஃபியா. இந்தக் காலத்தை இத்தாலியர்கள் 'சாக்கோ தி பலெர்மோ' என்கிறார்கள். சாக்கோ என்றால் ஒரு ஊருக்குள் படை புகுந்து கொள்ளையடிப்பது. இங்கே படை வெளியில் இருந்து வரவில்லை, நகரசபைக்குள்ளேயே இருந்தது.

இதில் எனக்கு மறக்க முடியாதது வீல்லா தெலியெல்லாவின் கதை. எர்னெஸ்தோ பசீலே என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்து கட்டிய அழகான மாளிகை அது. ஐம்பது வயது நிரம்பினால் சட்டம் அதைப் பாதுகாத்துவிடும், பிறகு தொட முடியாது. 1959 நவம்பர் 28, சனிக்கிழமை பின்னேரம், அலுவலகங்கள் பூட்டின பிறகு, இடிக்கத் தொடங்கினார்கள். கட்டுவதற்காகத்தானே இடிப்பார்கள்? அந்த இடத்தில் ஒன்றும் கட்டப்படவில்லை. பல தசாப்தங்களாக அது கார் நிறுத்துகிற வெறும் நிலமாகவே கிடந்தது.

பழைய நகரத்தில் வீட்டுச் சொந்தக்காரருக்குத் திருத்த மனமில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் ஏழைகள். 1968 சனவரியில் பெலீசேப் பள்ளத்தாக்கில் நிலநடுக்கம் வந்தபோது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த வீடுகள் இன்னும் வெடித்தன. குடும்பங்களை நகரத்தின் ஓரங்களுக்கு அனுப்பினார்கள். ட்சென் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'வடக்கு விரிவாக்க வலயம்' என்பதன் சுருக்கம் அது. குடியிருப்புக்குப் பெயர் வைக்கக்கூட ஆளில்லாமல் போயிருக்கிறது! ஊரின் பெருமையான ஒபரா அரங்கு, தியாத்ரோ மாஸ்ஸிமோ, 1974இல் திருத்த வேலை என்று பூட்டப்பட்டு 23 ஆண்டுகள் பூட்டியே கிடந்தது.

திருப்பம் வந்தது 1992க்குப் பிறகு. அந்த ஆண்டு மே மாதம் நீதிபதி ஃபல்கோனேயையும் யூலையில் நீதிபதி பொர்செல்லீனோவையும் மாஃபியா குண்டு வைத்துக் கொன்றது. இருவருமே பழைய நகரத்தின் கல்சாப் பகுதியில், போரில் இடிந்த வெளிகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள். அடுத்த ஆண்டு லெயொலூகா ஒர்லாந்தோ மக்களின் நேரடி வாக்கில் மேயரானார். பழைய நகரத்துக்கென்று பெனேவோலோ, செர்வெல்லாத்தி, இன்சொலேரா என்ற மூன்று நகரத் திட்டமிடுவோர் வரைந்த திட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை எளிமையானது: இடிக்காதே, இருந்தபடி திருத்து. தனியார் வீடுகளைத் திருத்தவும் பொதுப்பணம் கொடுக்கப்பட்டது. 1995இல் கூரையில்லாத லோ ஸ்பாசிமோ தேவாலயத்தைச் சுத்தம் செய்து கச்சேரிகளுக்குத் திறந்தார்கள். 1997இல் தியாத்ரோ மாஸ்ஸிமோவும் திறந்தது. கட்டடங்களைத் திருத்தினால் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்பதுதான் நகரத்தின் நம்பிக்கை.

ஆனால் பத்திரிகைகளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு துண்டை விட்டுவிடுவார்கள். அந்த வீடுகள் முழுக்க வெறுமையாக இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் 80களில் சிசிலிக்கு வந்து சேர்ந்தார்கள். 1990இல் வந்த மார்தெல்லிச் சட்டம், அதற்கு முந்தைய ஆண்டு முடிவதற்குள் இத்தாலிக்குள் வந்திருந்தவர்களுக்குச் சொஜோர்னோ எடுக்க வழிவிட்டது. வேலை, பணக்கார வீடுகளில் துப்புரவு, சமையல், வயதானவர்களைப் பார்ப்பது. அந்தப் பணக்கார வீடுகள் இருந்தது, எலுமிச்சைத் தோட்டத்தை வெட்டிக் கட்டின அதே புது நகரத்தில். இத்தாலியர் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய நகரத்தில் வாடகை மலிவு. ஆகவே காலையில் பஸ் பிடித்து அவர்களுடைய புது வீட்டைக் கழுவப் போய், பின்னேரம் அவர்கள் விட்டுவிட்டு வந்த பழைய வீட்டுக்குத் திரும்பி வருவது எங்கள் பெற்றோரின் வாழ்க்கை. ஈரம் ஊறும் சுவர், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி, ஒரு வீட்டில் மூன்று குடும்பம். அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தமிழர் மட்டுமில்லை. வங்காளதேசம், கானா, மொரீசியஸ், துனிசியா என்று பல நாட்டவர்கள் வந்தார்கள். பூட்டிக் கிடந்த கடைகளின் கதவுகள் திறந்தன. பல்லரோவில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் கறிவேப்பிலையும் வந்தது. வியா மக்வேதாவில் கடை வைத்திருந்த வங்காளதேசத்தவர்கள் பலர் கப்பம் கேட்டவர்களைப் பொலிஸில் காட்டிக்கொடுத்தார்கள், 2016இல் அவர்கள் கைதானார்கள். பரம்பரையாகப் பயந்து பணம் கட்டின ஒரு தெருவில் இது சின்ன விசயமில்லை.

மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பேச்சு விழும். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது நகரத்தைக் காப்பாற்றியவள் என்று பலெர்மோக்காரர் நம்புகிற புனிதை அவள். ஞாயிறுகளில் தமிழர்கள் அந்த மலையில் ஏறுகிறார்கள், கத்தோலிக்கரும் சைவரும் சேர்ந்தே. மடுவுக்குப் போய்ப் பழகின எங்கள் பெற்றோருக்கு அது புதினமே இல்லை. சிசிலிக்காரருக்குத்தான் முதலில் ஆச்சரியமாக இருந்தது.

வந்தவர்களால் நகரம் நிறைவதும் இங்கே புதிதில்லை. கல்சா என்ற பெயரே அல்-காலிசா என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. 831இல் பலெர்மோவைப் பிடித்த அரபு ஆட்சியாளர்கள் அதைத் தலைநகராக்கினார்கள். 10ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி இங்கே முந்நூறு பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதி வைத்தார். பிறகு நோர்மன்கள் வந்து அரபுக் கலைஞர்களைக் கொண்டே தங்கள் அரண்மனையையும் தேவாலயங்களையும் கட்டினார்கள். அந்தக் கட்டடங்களுக்குத்தான் 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டம் கொடுத்தது. 2018இல் பலெர்மோ இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகரம் ஆனது.

பட்டம் வந்தது, சுற்றுலா வந்தது. வியா மக்வேதாவில் கார் ஓடுவதை நிறுத்தினார்கள், நடப்பதற்கு நல்லதுதான். ஆனால் திருத்தின வீடுகள் பல, குடியிருக்க வருகிறவர்களுக்கு இல்லாமல் மூன்று நாள் தங்க வருகிறவர்களுக்குப் போகின்றன. தொடக்கத்தில் சொன்ன சாவிப்பெட்டி அதற்குத்தான். யாரும் வேண்டாம் என்றபோது அங்கே வாழ்ந்தவர்களுக்கு, எல்லோரும் வேண்டும் என்கிறபோது வாடகை கட்ட முடியவில்லை. இதை மறுமலர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நகரத்தின் மொத்தச் சனத்தொகையோ இறங்கிக்கொண்டே போகிறது. ஏழு இலட்சம் இப்போது ஆறு இலட்சத்து 30 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. பிறப்புக் குறைவு, படித்த இளையோர் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். எங்கள் ஆட்களிலும் இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்ததும் லண்டனுக்குக் குடும்பத்தோடு போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ஒர்லாந்தோவின் நகரசபை 2013இல் வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள் வாக்களித்துத் தெரியும் 'கொன்சுல்தா தெல்லே குல்தூரே' என்ற ஆலோசனைச் சபையை அமைத்தது. 2015இல் வெளியிட்ட 'பலெர்மோச் சாசனம்', இடம்பெயர்வது மனித உரிமை, சொஜோர்னோ முறையே வேண்டாம் என்றது. ஆனால் சொஜோர்னோவும் குடியுரிமையும் ரோமின் கையில். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்து, இடைவிடாமல் சட்டப்படி இங்கேயே வசித்த பிள்ளை 18 வயதில் குடியுரிமை கேட்கலாம், 19 ஆவதற்குள். உங்களில் 17 வயதில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2013இல் வந்த ஒரு திருத்தத்தின்படி, 18 ஆவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நகரசபை உங்களுக்கு இதை அறிவிக்க வேண்டும். அறிவிக்கவில்லை என்றால் அந்த ஒரு வருடக் கெடு உங்களுக்குப் பொருந்தாது. பெற்றோர் பதிவு செய்யப் பிந்தினார்கள் என்ற காரணத்துக்காகவும் உங்களை மறுக்கக் கூடாது. ஆனாலும் கடிதத்துக்காகக் காத்திருக்காமல், பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் தடுப்பூசி அட்டையையும் ஒரு உறையில் போட்டு வைத்துக்கொண்டு அனாக்ராஃபே அலுவலகத்துக்கு நீங்களே ஒருமுறை போய்வாருங்கள்.