நுரையீரல் நிழலும் நோயின் முடிவும்: புத்தளக் கரையோரம் எழுப்பும் வினா

இலங்கையின் வடமேற்கே கற்பிட்டி, உடப்பு, சிலாபம், மாரவில, வென்னப்புவ எனத் தொடர்வது புத்தளக் கரையோரம். மீன்பிடியும் தென்னையும் அதன் பழந்தொழில்கள். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிக்குத் தொழில் தேடிச் செல்லும் வழக்கமும் அதன் தென்பகுதியில் வேரூன்றியது. 2020 மார்ச்சு 18ஆம் திகதி, நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்படுவதற்கு இரு தினங்கள் முன்னரே, புத்தளம், சிலாபம் பொலிசுப் பிரிவுகளில் அது பிறப்பிக்கப்பட்டமைக்கு இத்தொடர்பே காரணமாயிற்று. மார்ச்சு 28ஆம் திகதி கொவிட் நோயால் இலங்கையில் நிகழ்ந்த முதல் மரணமும் மாரவிலப் பகுதியைச் சேர்ந்த ஒருவருடையதே.

அன்று இக்கரையோர மக்களை வாட்டிய வினா ஒன்றுண்டு. செயற்கைச் சுவாசக் கருவியில் இணைக்கப்பட்டவர் மீள்வாரா? அவரது நெஞ்சைப் பிடித்த படம் அதனைக் கூறுமா? இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றுப் பின்னோக்குதல் வேண்டும்.

1895இல் றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின், உயிருள்ளவரின் நுரையீரலை வெளியிலிருந்தே காணல் இயல்வதாயிற்று. 1952இல் கோப்பன்கேகன் நகரிற் பரவிய இளம்பிள்ளை வாதத்தின்போது, இப்சன் என்னும் மருத்துவரின் வழிகாட்டலில் மாணவர்கள் முறைவைத்துக் கையாற் பையை அழுத்தி நோயாளருக்கு மூச்சளித்தனர். ஆயின் அந்நோயிற் செயலிழந்தவை சுவாசத் தசைகளே. வைரசு நியூமோனியாவிலோ நுரையீரலே பழுதுறுகின்றது. இவ்வேறுபாடு தெளிவாக உணரப்படப் பல்லாண்டுகள் சென்றன. 1967இல் அமெரிக்க மருத்துவர் அஷ்போவும் குழுவினரும், இரு நுரையீரல்களிலும் வெண்ணிழல் படர்ந்து மூச்சுத் திணறிய 12 நோயாளரைப் பற்றி எழுதினர். அவருள் எழுவர் இறந்தனர்.

எக்ஸ் கதிர்ப்படத்தில் நுரையீரல் முழுவதும் சீராகப் பழுதுற்றதாகவே தோன்றிற்று. 1971இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்ட சீ.ற்றி. படமுறை பின்னர் நெஞ்சிற்கும் பயன்பட்டபோது இக்கருத்து மாறிற்று. 1980களில் இத்தாலிய மருத்துவர் கத்தினோனி முதலியோர், மல்லாந்து கிடப்பவரின் முதுகுப்புறமே மிகுதியாக அடைபட்டிருத்தலைக் கண்டனர். காற்றேற்கும் எஞ்சிய பகுதி குழந்தையின் நுரையீரலளவே இருந்தது. பெரியவருக்குரிய காற்றை அச்சிறு பகுதிக்குள் செலுத்தின் அது மேலும் சிதையும் என்பது விளங்கிற்று.

இப்புரிதல் உயிர்களைக் காத்தது. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல்நிறையின் கிலோவொன்றுக்கு 12 மில்லிலீற்றராகச் செலுத்திய காற்றை 6 ஆகக் குறைத்தபோது இறப்பு 39.8 வீதத்திலிருந்து 31 வீதமாகக் குறைந்தது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நோயாளரை நீண்டநேரம் குப்புறக் கிடத்தியமையால் 28 நாளுள் நேர்ந்த இறப்பு 32.8 வீதத்திலிருந்து 16 வீதமாயிற்று.

ஆயினும் நிழலின் பரப்பு முடிவை முன்னறிவிப்பதன்று. 2012இல் பேர்லின் வரைவிலக்கணத்தை வகுத்தோர், நிழலின் மிகுதியையும் நோய்க்கடுமையின் அளவுகோலாகக் கொள்ளலாமா என ஆராய்ந்தனர். இறப்பை முன்னுணர்த்த அது மேலும் உதவவில்லை எனக் கண்டு கைவிட்டனர். இரு நுரையீரல்களிலும் நிழல் இருத்தல் நோயை இனங்காண வேண்டப்பட்டது. கடுமையோ குருதியின் ஒட்சிசன் கொண்டு தரப்படுத்தப்பட்டது.

கொவிட்டிலும் இவ்வுண்மை புலப்பட்டது. நுரையீரலின் ஓரங்களிலும் கீழ்ப்பகுதிகளிலும் தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல் தோன்றிற்று. அது பரந்த அளவிற்கு ஆபத்தும் பொதுவாக மிகுந்ததெனினும், முதுமை, நீரிழிவு, சிறுநீரக நோய் என்பனவும் முடிவைப் பாதித்தன. 2020இல் பிரித்தானிய ஆய்வொன்று, டெக்சாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்து, கருவியில் இணைக்கப்பட்டோரின் இறப்பை 41.4 வீதத்திலிருந்து 29.3 வீதமாகக் குறைத்தமையை அறிவித்தது. மருந்து பெறாதோரின் நெஞ்சிலும் பெற்றோரின் நெஞ்சிலும் படர்ந்தது அதே நிழல்தான். முடிவு மாறியது சிகிச்சையாலேயே.

எனவே, படம் பழுதின் இடத்தையும் அளவையும் காட்டுவது, விதியைக் காட்டுவதன்று. அளந்து செலுத்தும் மூச்சு, குப்புறக் கிடத்தும் தாதியரின் உழைப்பு, எளிய மருந்து ஆகியவை நகரத்துப் பெருவைத்தியசாலைகளுக்கு மட்டுமன்றிக் கரையோர வைத்தியசாலைகளுக்கும் எட்டுதல் வேண்டும். இக்கரையோரம் எழுப்பிய வினாவுக்கு வரலாறு தரும் விடை இதுவே.