பள்ளிவாசல் ஒலிபெருக்கி வரை: அம்பாறைக் கரையோரத்தில் சுனாமி எச்சரிக்கையின் நம்பகத்தன்மை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது இலங்கையில் காலை 6.59 மணி. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள நிலநடுக்கப் பதிவு நிலையம் அதிர்வைப் பதிந்தது. ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை மையம், பருமனைக் குறைத்துக் கணித்திருந்தாலும், கால் மணிநேரத்தில் தன் முதல் அறிவித்தலை வெளியிட்டது. நிலம் பிளந்த நேரத்திலிருந்து எங்கள் கரையைக் கடல் தொட ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் இருந்தது. மருதமுனையிலோ சாய்ந்தமருதுவிலோ ஒருவர் காதிலும் ஒரு சொல் விழவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதைக் கருவி இல்லாத குறை என்றே அன்றுதொட்டுப் பேசி வருகிறோம். ஓரளவுக்கே அது சரி. இந்து சமுத்திரத்தில் அன்று கடலடி அழுத்தமானிகள் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பல்லேகலையின் தரவை இரவு பகலாகப் பார்த்து, அபாயம் என்று எடுத்துச்சொல்லும் கடமை நாட்டில் எவருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. ஹவாயில் இருந்தவர்களிடமும் இந்து சமுத்திர நாடுகளில் யாரை அழைப்பது என்ற பட்டியல் இல்லை. அறுந்து கிடந்தது கம்பியல்ல, பொறுப்பு.

அதே 2004-இன் தொடக்கத்தில் அவிசியெனிஸ், லாப்ரி, ரண்டெல், லாண்ட்வேர் ஆகியோர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை, நியாயமான காரணத்தோடு நம்பத்தக்க சேவையைத் தரும் ஆற்றலே ஒரு கணினி முறைமையின் நம்பகத்தன்மை என்று வரையறுத்தது. ‘நியாயமான காரணம்’ என்ற நிபந்தனையே இங்கு முக்கியம். மென்பொருள் பிழையின்றி ஓடுகிறது என்பது அக்காரணத்தின் ஒரு பகுதிதான். 1992 ஒக்டோபர் 26 அன்று லண்டன் அம்புலன்ஸ் சேவையின் புதிய கணினி முறைமை நிலைகுலைந்ததற்கும், மென்பொருள் குறைகளோடு, வண்டியோட்டிகளும் அனுப்புநர்களும் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுக்காததே பெருங்காரணமாயிற்று. இக்கட்டுரையின் வாதமும் அந்த வழியிலேயே செல்கிறது: எச்சரிக்கை முறைமையின் எல்லை கொழும்பிலுள்ள திரையோடு முடிவதில்லை. பாலமுனைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் அதன் பாகமே. வடிவமைப்பு அந்த முனையிலிருந்தே தொடங்க வேண்டும்.

2004-க்குப் பின் நடந்தவை குறைவல்ல. 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் பிறந்தது. கரையெங்கும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2013 முதல் ஹைதராபாத்திலுள்ள இந்திய மையமும் அவுஸ்திரேலிய, இந்தோனேசிய மையங்களும் இந்து சமுத்திரத்துக்கான அறிவித்தல்களை வழங்குகின்றன. முதல் அறிவித்தல் நிமிடக் கணக்கில் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நேரம் கரைகிறது: வளிமண்டலவியல் திணைக்களம் மதிப்பிட்டு முடிவெடுக்க வேண்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டும், அங்கிருந்து பொலிசுக்கும் பிரதேச செயலகத்துக்கும், பின்னர் கிராம உத்தியோகத்தருக்கும் போக வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒருவர் ‘நான் சொல்லலாமா?’ என்று தயங்க இடமிருக்கிறது.

கடைசிக் கைமாற்றத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையிலுள்ள பாலமுனையில் ஊர் முழுதுக்கும் ஒரே நேரத்தில் சேதி சொல்லும் குரல் பள்ளிவாசலுடையது. ஜனாஸா அறிவித்தல் காற்றில் வந்தால் அடுப்படியில் நிற்கும் உம்மாவும் கையை நிறுத்திக் காதுகொடுப்பார். எந்த எச்சரிக்கைக் கோபுரத்துக்கும் இந்த நம்பிக்கை கிடையாது. பல ஆண்டுப் பழக்கம் தந்த நம்பிக்கை அது. ஆனால் மோதினார் தன் விருப்பத்துக்கு ஒலிவாங்கியைத் திறந்து ‘கடல் வருகுது, ஓடுங்க’ என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கையாளர் சபையிடம் கேட்க வேண்டும், சபைத் தலைவர் கிராம உத்தியோகத்தரைக் கேட்பார், அவர் மேலிடத்தை. நள்ளிரவென்றால்? மின்சாரம் போயிருந்தால்? பொய்யான எச்சரிக்கையாகிவிட்டால் பழி யார் தலையில்? இவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் விடை இல்லாத முறைமையை எத்தனை செய்மதிகள் தாங்கினாலும் நம்பகமானது என்று சொல்ல முடியாது.

செய்தியின் உள்ளடக்கமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியதுதான். ‘கரையை விட்டு விலகுங்கள்’ என்பது கரைவலை இழுப்பவருக்கும் வாடியில் இருப்பவருக்கும் சரி. ஆழ்கடலில் நிற்கும் படகுக்கு அது ஆபத்தான அரைச்செய்தி. படகில் இருப்பவர் கரைக்குத் திரும்பாமல் ஆழத்திலேயே தங்க வேண்டும். வீட்டாரைக் காக்க விரைந்து கரைக்கு வரத் துடிப்பவரிடம் இதைச் சொல்ல, பயிற்சி முன்பே நடந்திருக்க வேண்டும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சுனாமிக்குப் பின் லேர்ன்ஏசியா நிறுவனமும் சர்வோதய இயக்கமும் 32 கரையோரக் கிராமங்களில் செய்மதி வானொலி, தொலைபேசி, தொலைவிலிருந்து இயக்கும் அலாரம் முதலானவற்றைச் சோதித்துப் பார்த்தன. தனியொரு கருவி போதாது, கிராமம் ஒழுங்கமைந்தும் பயிற்சி பெற்றும் இருப்பது கருவிக்கு ஈடாக முக்கியம் என்பவை அதிலிருந்து கிடைத்த பாடங்கள்.

இடையிலுள்ள மனிதரையெல்லாம் நீக்கி, கைத்தொலைபேசிக்கு நேரே செய்தி அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அனுப்பத்தான் வேண்டும். ஆனால் 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்ற பொய்ச் செய்தி எல்லாத் தொலைபேசிக்கும் நொடியில் போனது. அதே வழியில் திருத்தம் போக 38 நிமிடங்கள் பிடித்தன. தொழில்நுட்பம் வேகமாக இருந்தது. ‘தவறு’ என்று சொல்லும் நடைமுறைதான் ஆயத்தமாக இருக்கவில்லை. மேலும், எச்சரிக்கை கேட்ட மனிதர் உடனே ஓடுவதில்லை. இன்னொருவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே ஓடுவார். அனர்த்த ஆய்வாளர்கள் எங்கும் காண்பது இதுவே. இதை மக்களின் அறியாமை என்று தள்ளுவது வடிவமைப்பாளரின் சோம்பல். தொலைபேசியில் வந்ததைப் பள்ளிவாசலும் சொன்னால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

2012 ஏப்ரல் 11-இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமனில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினர், பெரிய அலை வரவில்லை. பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். ‘சும்மா ஓட வைத்தார்கள்’ என்ற பேச்சு அப்படியே விடப்பட்டால் அடுத்த எச்சரிக்கையின் வலிமை குறையும். ஏன் விடுக்கப்பட்டது, ஏன் மீளப் பெறப்பட்டது என்று அதே குரலில் ஊருக்கு விளக்குவதும் முறைமையின் பணிதான்.

பள்ளிவாசலை மட்டும் நம்பச் சொல்வதாக இதை வாசிக்கக் கூடாது. இக்கரையில் காரைதீவும் தம்பிலுவிலும் திருக்கோவிலும் இருக்கின்றன. அங்கே கோவில் மணிக்கும் சனசமூக நிலையத்துக்கும் அதே இடம். சுனாமியோடு நிற்கும் விடயமும் அல்ல இது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தைப் புரட்டி மத்ரஸா மாணவர்களைக் கொண்டுபோனது. கனமழை அறிவித்தல்கள் வெளிவந்தே இருந்தன. வீதியை எப்போது, யார் மூடுவது என்பதை எந்த மழை அறிவித்தலும் தானாகத் தீர்மானிக்காது.

இந்து சமுத்திர நாடுகள் காலத்துக்குக் காலம் ‘ஐஓவேவ்’ என்ற பெயரில் சுனாமி ஒத்திகை நடத்துகின்றன, இலங்கையும் பங்கேற்கிறது. அடுத்த ஒத்திகையில் செய்தி மாவட்டச் செயலகத்துக்கு வந்த நேரத்தோடு கணக்கை முடிக்காமல், பாலமுனையில் ஒலிபெருக்கி முழங்கிய நேரத்தையும் கடைசிப் படகுக்குச் செய்தி எட்டிய நேரத்தையும் குறித்து வெளியிடுமாறு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை இக்கட்டுரை கேட்டுக்கொள்கிறது.