பதினைந்து குளிர்காலங்கள்

பாதிரிமார்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று துதி, மற்றது வசை. துதிப்பவர்கள் அச்சகத்தையும் அகராதியையும் பள்ளிக்கூடத்தையும் எண்ணிக் காட்டுகிறார்கள். வசைபாடுபவர்கள் மதமாற்றத்தையும் அன்னிய ஆட்சியையும் எண்ணிக் காட்டுகிறார்கள். இரு தரப்பிலும் விடுபட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. இந்த மனிதர்கள் வந்த இடத்தில் எப்படிக் குடியிருந்தார்கள், எதை எரித்தார்கள், என்ன தின்றார்கள், உடம்புக்கு வந்தால் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது. இது சில்லறை என்று ஒதுக்கப்படுகிறது. சில்லறை இல்லை என்பதே என் கட்சி.

இதைச் சொல்ல நான் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தரங்கம்பாடியைப் பற்றி நமக்கு ஏற்கெனவே அபிப்பிராயங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். எனவே அதே கோபன்ஹேகன் அலுவலகத்தின் இன்னொரு கோப்பைப் பிரிக்கிறேன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவையும் புளூட்சோவையும் அனுப்பியவன் டென்மார்க்-நார்வே அரசன் நான்காம் பிரெடெரிக். மிஷன் காரியங்களைக் கவனிக்க 1714-ல் அவன் ஒரு குழுவை ஏற்படுத்தினான். அந்தக் குழுவின் கவனிப்பில் 1721-ல் வந்து சேர்ந்தது கிரீன்லாந்து. ஒரே மேஜையில் சோழமண்டலக் கடற்கரையின் வெக்கையும் ஆர்க்டிக்கின் பனியும் பக்கத்துப் பக்கத்துத் தாள்களாக இருந்திருக்கின்றன.

கிரீன்லாந்துக்குப் போனவர் ஹான்ஸ் எகெடே. நார்வேயின் வடக்கே லொஃபோடன் தீவுகளில் வோகன் என்ற இடத்தில் பாதிரியாக இருந்தவர். அவர் மனைவி கெர்ட்ரூத் ராஸ்க். ஹான்ஸ் பிறந்தது 1686-ல், கெர்ட்ரூத் 1673-ல். மனைவி கணவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். 1707-ல் மணம் முடித்தார்கள். இரண்டு பிள்ளைகள், இரண்டு பெண்கள். கிரீன்லாந்தில் முன்பு குடியேறிய நார்வேக்காரர்களைப் பற்றி 1408-க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர்களின் சந்ததியினர் மதத்தை மறந்து எங்கோ உயிரோடிருப்பார்கள், தேடிப்போய் மீட்க வேண்டும் என்பது ஹான்ஸின் தவிப்பு. கெர்ட்ரூத் முதலில் சம்மதிக்கவில்லை. இருக்கிற சபையையும் வீட்டையும் விட்டுவிட்டு நான்கு குழந்தைகளோடு பனிக்கட்டிக்குப் போவதை எந்தத் தாய்தான் உடனே ஒப்புக்கொள்வாள்? ஒப்புக்கொண்ட பிறகு அவர் பின்வாங்கவில்லை. ஹான்ஸ் தளர்ந்த தருணங்கள் உண்டு; அப்போதெல்லாம் தளராமல் நின்றவர் அந்த அம்மாள்.

1721 மே மாதம் பெர்கன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள். கப்பலின் பெயருக்கு 'நம்பிக்கை' என்று அர்த்தம். கிரீன்லாந்துக் கரைக்குச் சமீபத்தில் பனிக்கட்டிகள் சூழ்ந்துகொண்டன. மரணத்துக்குத் தயாராகுங்கள் என்று தலைவனே சொல்லிவிட்டான். பிறகு வழி திறந்தது. ஜூலை 3-ஆம் தேதி கரை இறங்கியபோது கெர்ட்ரூத்துக்கு 48 வயது நெருங்கிவிட்டிருந்தது. நம்மிடையே அந்த வயதில் ஒரு பெண் வீட்டுப் பொறுப்பை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவாள்.

முதல் வேலை வீடு. கல்லையும், புல்வேரோடு பெயர்த்த மண்கட்டியையும் அடுக்கிச் சுவர், உள்ளே பலகை. அதுவரை அந்தக் கரைக்கு வந்த டச்சுத் திமிங்கில வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் கோடையில் வந்து கோடையிலேயே போய்விடுகிறவர்கள். இவர்கள் சுவர் எழுப்புவதைப் பார்த்ததும் இனுயிட் மக்கள் திகைத்தார்கள். குளிர்காலத்துக்கும் இருக்கப் போகிறார்கள் என்று சுவர் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் அவர்களுக்குப் பயம் வந்தது. ஹான்ஸ் அவர்கள் மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசத் தெரியாத காலம் அது. கோடையில் வருகிறவன் வியாபாரி, குளிர்காலத்துக்குத் தங்குகிறவன் வேறு ஏதோ என்பதைச் சொல்ல மொழி தேவைப்படவில்லை.

ஹான்ஸ் 1729-ல் எழுதி 1741-ல் விரித்த கிரீன்லாந்து விவரணத்தை 1745-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். மதத்தைப் பற்றிய பக்கங்களைவிட வீடுகளைப் பற்றிய பக்கங்களே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. இனுயிட் குளிர்கால வீட்டில் தனியாக அடுப்பு கிடையாது, விளக்கே அடுப்பு. மாக்கல்லில் குடைந்த தட்டையான விளக்கு; காய்ந்த பாசி திரி; சீல் என்ற கடல்நாயின் கொழுப்பு எண்ணெய். மேலே தொங்கும் கல்சட்டியில் இறைச்சி வேகும். அதற்கும் மேலே நனைந்த உடுப்புகள் காயும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பெண். வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, உள்ளே அரை நிர்வாணமாக உட்கார்ந்திருக்கும் அளவுக்கு வெப்பம். கொழுப்பு வாடையும் மூத்திரத் தொட்டியின் வாடையும் ஹான்ஸைப் படாதபாடு படுத்தின. ஆனாலும் குளிர்காலத்தில் மகன்களை அழைத்துக்கொண்டு அந்த வீடுகளில் போய்த் தங்கினார். மொழி அங்கேதான் இருந்தது.

மொழியைப் பிடித்தவர்கள் பிள்ளைகள். பௌல், நீல்ஸ் இருவரும் பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள், விளையாட்டில் கற்றுக்கொண்டார்கள். தகப்பனார் இலக்கணம் தேடித் தடுமாறும்போது பௌல் பைபிள் கதைகளைப் படமாக வரைந்து காட்டினான். அந்தப் பௌல்தான் பின்னாளில், 1750-ல் கிரீன்லாந்து மொழி அகராதியையும் 1766-ல் புதிய ஏற்பாட்டையும் வெளியிட்டவர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து ஒன்பது வருஷத்துக்குள், 1715-ல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்துவிட்டது. அவருக்கு ஏடுகள் கிடைத்தன, வாத்தியார்கள் கிடைத்தார்கள். கிரீன்லாந்தில் எழுத்தே இல்லை. நாற்பத்தைந்து வருஷம் பிடித்தது. தானியம் விளையாத நாட்டில் ஜெபத்தில் வரும் அப்பத்தை எப்படிச் சொல்வது? சீல் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. தமிழில் 'ஆகாரம்' என்ற பொதுச்சொல் கைகொடுத்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இனுயிட் நம்பிக்கையில் செத்தவர் போகும் நல்ல இடம் நிலத்துக்கும் கடலுக்கும் அடியில் இருக்கிறது. அங்கே கதகதப்பு உண்டு, வேண்டிய அளவு இறைச்சி உண்டு. மேலே வானத்துக்குப் போகிறவர்களுக்குக் குளிரும் பசியும்தான். இவர்களிடம் வந்து, மேலே இருப்பது மோட்சம், கீழே எரிவது நரகம் என்றார் பாதிரியார். குளிர்காலமே ஒரு தத்துவத்தை உண்டாக்கி வைத்திருந்தது. அதை ஹான்ஸ் அறியாமை என்றே எடுத்துக்கொண்டார். மந்திரவாதிகளை அவர் கை நீட்டி அடித்ததும் உண்டு. அவரைச் சாந்தமூர்த்தியாக்குகிறவர்கள் இதை மறைக்கிறார்கள்.

முதல் குளிர்காலத்தின் முடிவில் தானியம் தீர்ந்துகொண்டு வந்தது. உடன் வந்த நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் பலருக்கு ஸ்கர்வி. ஈறு வீங்கிப் பற்கள் ஆடின. உப்புக்கண்டமும் காய்ந்த பட்டாணியும் கப்பல் ரொட்டியும் தின்றவர்களுக்கு நோய். பச்சையாகவும் அரைவேக்காடாகவும் சீல் இறைச்சி தின்ற இனுயிட்களுக்கு அது இல்லை. காரணத்தை இன்று வைட்டமின் சி என்று நாம் சொல்லிவிடுகிறோம். அன்று அது யாருக்கும் தெரியாது. 1722 வசந்தத்தில் கப்பல் வரக் காணோம். போய்விடலாம் என்று எல்லோரும் நின்றார்கள். ஹான்ஸும் இணங்கும் நிலைக்கு வந்துவிட்டார். மூட்டை கட்ட மறுத்தவர் கெர்ட்ரூத். கப்பல் வரும் என்றார். ஜூன் கடைசியில் கப்பல் வந்தது. பக்திக் கதைகளில் இது அவருடைய விசுவாசத்துக்குச் சாட்சி. எனக்கு வேறு மாதிரியும் படுகிறது. களஞ்சியத்தில் என்ன மீதி, எத்தனை வாய், எத்தனை நாளைக்குத் தாக்கும் என்ற கணக்கு வீட்டை நடத்துகிறவருக்குத்தான் தெரியும். அவருடைய உறுதியில் அந்தக் கணக்குக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

1728-ல் தீவிலிருந்து எதிர்க்கரைக்கு மாறினார்கள். அங்கே உண்டான கோட்ஹோப்தான் இன்றைய தலைநகர் நூக். அரசன் கவர்னராக போர்ஸ் என்ற அதிகாரியையும், சிப்பாய்களையும், சிறையிலிருந்து எடுத்துச் சீட்டுப்போட்டு ஜோடி சேர்த்த ஆண் பெண்களையும் அனுப்பினான். உள்நாட்டுப் பனியைக் கடக்கக் குதிரைகளும் வந்தன, அவை மிஞ்சவில்லை. குளிர்காலத்தில் மனிதர்களும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் தங்கள் கஷ்டத்துக்கெல்லாம் பாதிரியார்தான் காரணம் என்று கலகத்துக்குத் தயாரானார்கள். ஆயுதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டியிருந்தது. அஞ்ஞானிகள் என்று அவர் அழைத்தவர்களின் வீட்டில் பயமில்லாமல் தூங்கியவர், தன் மதத்தாருக்குப் பயந்தார். இந்த முரணை அவரே பதிவு செய்திருக்கிறார்.

குளிர் எப்படி இருந்தது? பௌல் பின்னால் வடக்கே டிஸ்கோ வளைகுடாவில் 1738 ஜனவரியில் எழுதிவைத்தது கிடைக்கிறது. பகலில் நெருப்பு எரிந்தும் உறைபனி புகைபோக்கி வழியாகக் கணப்பின் வாய்வரை இறங்கும். மூச்சுக்காற்று மெத்தையின்மேல் உறையும். பெட்டிக்குள் துணிகள் விறைக்கும். பீப்பாயிலிருக்கும் இறைச்சியைக் கோடரியால் பிளக்க வேண்டும். கோட்ஹோப் இதைவிடத் தெற்கே, 64 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே நான்கு மணி நேரம் வெளிச்சம். மீதி இருபது மணி நேரமும் ஒரு குடும்பம் உள்ளேயே இருக்கும். இத்தகைய நாட்களைப் பிரசங்கங்களால் நிரப்ப முடியாது. கொதிக்கவைப்பதும் தைப்பதும் உலர்த்துவதும் வந்தவருக்கு உட்கார இடம் கொடுப்பதுமாகத்தான் அவை நகரும்.

1730-ல் அரசன் இறந்தான். அடுத்த வருஷம் புதிய அரசன் ஆறாம் கிறிஸ்டியன் எல்லோரையும் திரும்பி வரச் சொன்னான்; ஹான்ஸ் இருக்க விரும்பினால் இருக்கலாம். அவர்கள் சிலரோடு தங்கினார்கள். 1733-ல் அரசன் மனம் மாறி உதவி அனுப்பினான். அந்த வருஷமே மொராவியச் சகோதரர்களான கிறிஸ்டியன் டாவிட்டும் இரண்டு ஷ்டாக்குகளும் வந்து சேர்ந்தார்கள். டென்மார்க்குக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்த ஓர் இனுயிட் பையனும் அந்த வருஷம் திரும்பினான். அவன் உடம்பில் அம்மை இருந்தது.

நம் ஊரில் அம்மைக்கு ஒரு தெய்வமும், வேப்பிலையும், யார் எப்போது வீட்டுக்குள் வரலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. நோயோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்து அடைந்த ஏற்பாடு அது. கிரீன்லாந்தில் அந்த நோய்க்கு முன்பரிச்சயமே இல்லை. குளிர்காலம் முழுவதும், 1734 நடுப்பகுதிவரை, மக்கள் செத்தார்கள். கோட்ஹோப் பிரதேசத்தில் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். வேதனை தாங்காமல் கத்தியால் குத்திக்கொண்டவர்களும் கடலில் குதித்தவர்களும் உண்டு. ஹான்ஸ் படகில் போய்ப் பார்த்த வீடுகளில் பிணங்களும், உயிரோடு ஓரிரு குழந்தைகளும். எடுத்துவர முடிந்தவர்களை எடுத்துவந்தார். வீடு நிரம்பியது. அந்த வீட்டில் அவர்களைக் கழுவி, ஊட்டி, புண்ணைத் துடைத்தவர் கெர்ட்ரூத். அப்போது அவருக்கு அறுபது வயது. உடம்பு நன்றாயிருந்த நாளில் ஹான்ஸைப் பரிகசித்த ஒருவன், எங்கள் சொந்தக்காரர்களே செய்யாததை நீங்கள் செய்தீர்கள் என்ற பொருளில் சாகும்போது நன்றி சொன்னான். பன்னிரண்டு வருஷப் பிரசங்கம் கேட்டுத் தராத வார்த்தையை ஒரு படுக்கையும் கொஞ்சம் கஞ்சியும் பெற்றுத் தந்தன.

இங்கே துதிபாடிகளுக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது, கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். முடிக்கக் கூடாது. அந்த நோய் தானாக வரவில்லை. மிஷனும் வர்த்தகமும் திறந்த வழியில், அவர்கள் அனுப்பி அழைத்துவந்த பையனோடு வந்தது. பராமரித்த கையும் நோயைக் கொண்டுவந்த கப்பலும் ஒரே ஏற்பாட்டைச் சேர்ந்தவை. ஆகவே பராமரிப்பு பொய் என்று வசைபாடிகள் சொன்னால் அதையும் நான் ஏற்கமாட்டேன். அறுபது வயதுப் பெண்ணொருத்தி ஒரு குளிர்காலம் முழுக்க அன்னியர்களின் சீழைத் துடைத்தது உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்க்கும் திராணி நம் வரலாற்று எழுத்துக்கு வர வேண்டும்.

கெர்ட்ரூத்தின் உடம்பு அந்தக் குளிர்காலத்திலிருந்து தேறவில்லை. 1735 டிசம்பர் 21 அன்று இறந்தார். வருஷத்தின் மிகக் குறுகிய பகல். 1736 கோடையில் ஹான்ஸ் விடைபெற்றார். தன் உழைப்பெல்லாம் வீண் என்று ஏசாயா தீர்க்கதரிசி முறையிடும் இடத்தைக் கடைசிப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். கெர்ட்ரூத்தின் சவப்பெட்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு கோபன்ஹேகனில் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார். பின்பு மறுமணம் செய்துகொண்டு, கிரீன்லாந்து மிஷனின் கண்காணிப்பாளராகி, 1758-ல் இறந்தார்.

வீண் என்று அவர் முடிவு செய்ததில்தான் எனக்குத் தகராறு. எதை எண்ணி அப்படிச் சொன்னார்? ஞானஸ்நானங்களை எண்ணியிருப்பார், கண்டுபிடிக்க முடியாத நார்வேக்காரர்களை எண்ணியிருப்பார். மனைவி காத்த கணப்பு அந்தப் பட்டியலில் ஏறவில்லை. கெர்ட்ரூத்தை நாம் அறிவது கணவரின் எழுத்து வழியாக. அதிலும் அவர் பிறருடைய காரியத்துக்கு நடுவே வந்துபோகிறவர். பேனா வைத்திருந்தவர் தோல்வி என்று எழுதியதால் பதினைந்து குளிர்காலங்களும் தோல்விக் கணக்கில் போய்விட்டன.

நூக்கில் குன்றின்மேல் ஹான்ஸின் சிலை இருக்கிறது. 2020 ஜூனில் அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றி, காலனியத்தைக் களை என்று எழுதினார்கள். அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களில் பெரும்பான்மையோர் சிலை இருக்கட்டும் என்றார்கள். எடுத்தாலும் வைத்தாலும் விவாதம் அந்த ஒரு மனிதரைப் பற்றித்தான். சிலையில் அவர் மட்டும் நிற்கிறார்.

தரங்கம்பாடிக்குத் திரும்புகிறேன். சீகன்பால்கு 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்தபோது அவர் வீட்டில் மரியா டோரதெயா என்ற இளம் மனைவி இருந்தார். சீகன்பால்குவின் அச்செழுத்துகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், அந்தப் பெண் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார், சமையலுக்கு யார் வந்தார்கள், அவர்களோடு எந்த மொழியில் பேசினார் என்று கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்தால் துதியும் வசையும் கொஞ்சம் சிரமப்படும்.